ஆட்டிசம் உள்ள குழந்தை கேள்வியையே திருப்பிச் சொல்வது ஏன்?

“பால் குடிக்கிறாயா?” என்று தாய் கேட்கிறார். “குடிக்கிறேன்” என்று சொல்ல வேண்டிய குழந்தை, “பால் குடிக்கிறாயா?” என்று அதே தொனியில் திருப்பிச் சொல்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் காணப்படும் இவ்வழக்கம் ‘எதிரொலிப் பேச்சு’ எனப்படுகிறது. கேள்வி புரியவில்லை என்றே பெரியவர்கள் எண்ணிவிடுகின்றனர். அது ‘ஆம்’ என்ற பதிலாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலேயே இதைப் பதிவு செய்துள்ளார். அவர் கவனித்த 11 குழந்தைகளில் 8 பேர் பேசினர். பன்மையும் காலமும் அவர்களுக்குச் சிக்கலாக இல்லை. ‘நான்’, ‘நீ’ ஆகியவையே இடம் மாறின. கேட்டதைக் கேட்டபடியே சொல்வதன் விளைவு இது என்பது அவரது விளக்கம்.

மேசையை யார் சொன்னாலும் மேசைதான். ‘நான்’ அப்படியன்று; பேசுபவர் மாறினால் அது குறிக்கும் ஆளும் மாறுகிறார். எல்லோரும் ‘நீ’ என்றே அழைக்கும் குழந்தை, அதைத் தன் பெயராகக் கொள்வதில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் ‘நீ’ என்ற சொல் வராமலேயே இந்த இடமாற்றம் நிகழக்கூடும். ‘குடிக்கிறாய்’ என்பதில் உள்ள ‘ஆய்’ விகுதியே முன்னிலையைக் காட்டிவிடுகிறது. எனவே, நம் மொழிகளில் வினைமுற்றையும் கவனித்தாக வேண்டும்.

எதிரொலிப் பேச்சை நிறுத்துவதே ஒரு காலத்தில் சிகிச்சையின் இலக்காக இருந்தது. பேரி பிரிசன்ட், ஜூடித் டூகன் ஆகியோர் 4 குழந்தைகளின் பேச்சை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1981-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நோக்கை மாற்ற உதவியது. உடனடி எதிரொலியை அவர்கள் 7 வகையாகப் பிரித்தனர். சிலவற்றில் நோக்கம் எதுவும் தென்படவில்லை. மற்றவற்றில் குழந்தை வேண்டியதைக் கேட்டது, ஆமோதித்தது, பதிலுக்கு முன் தனக்குள் ஒத்திகை பார்த்தது.

கேள்வியாகக் கேட்பதற்குப் பதில், குழந்தை சொல்ல வேண்டிய வாக்கியத்தையே பெரியவர் சொல்லிக் காட்டலாம். பாலை நீட்டி, “எனக்குப் பால் வேண்டும்” என்றால், குழந்தை எதிரொலிப்பதும் சரியான தன்மை வாக்கியமாகவே அமையும்.

பேச்சு தாமதமானால் முதலில் செவித்திறன் பரிசோதனை அவசியம். 2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை, ‘தானாகப் பேசும்’ என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மைசூருவில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் இதற்கான பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.