பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பகடையும் சண்டையும்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆட்டக்காரர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, ஒரு நடுவரின் துணையுடன் கதையொன்றைப் பேசியே நடத்திச் செல்லும் விளையாட்டு ஆகும். பெரும்பாலான இத்தகைய விளையாட்டுகளில் சண்டையின் முடிவு பகடையால் தீர்மானிக்கப்படுகிறது. எத்தனை முகங்கள் கொண்ட பகடை, எத்தனை பகடைகள், அவை எவ்வாறு கூட்டப்படுகின்றன என்பவற்றைப் பொறுத்துச் சண்டையின் இயல்புத்தன்மையும் கதைமாந்தர் இறக்கும் வாய்ப்பும் மாறுபடுகின்றன.

பின்னணி

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியானது. வணிக முறையில் வெளிவந்த முதல் பாத்திரமேற்பு விளையாட்டாக இது கருதப்படுகிறது. வழக்கமான ஆறு முகப் பகடையுடன் 4, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகளும் இதில் பயன்பட்டன. இவை ஐந்தும் வடிவவியலில் கூறப்படும் ஐந்து ஒழுங்குப் பன்முகத் திண்மங்களாகும்.

ஒற்றைப் பகடையும் கூட்டுப் பகடையும்

20 முகப் பகடை ஒன்றை உருட்டினால் ஒவ்வொரு எண்ணும் விழுவதற்கான நிகழ்தகவு 5% ஆகும். தேர்ந்த வீரனுக்கும் புதியவனுக்கும் மிக நல்ல வீச்சும் மிக மோசமான வீச்சும் ஒரே அளவில் நேர்கின்றன.

1986 இல் வெளியான கர்ப்ஸ் என்னும் விளையாட்டில் மூன்று ஆறு முகப் பகடைகளின் கூட்டுத்தொகை, கதைமாந்தரின் திறன் அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். மொத்தமுள்ள 216 விளைவுகளில் 10, 11 ஆகியவை ஒவ்வொன்றும் 27 முறை (12.5%) அமைகின்றன, 3, 18 ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு முறை (ஏறத்தாழ 0.46%) மட்டுமே அமைகின்றன. திறன் 10 இலிருந்து 11 ஆக உயர்ந்தால் வெற்றி வாய்ப்பு 50% இலிருந்து 62.5% ஆகிறது. 14 இலிருந்து 15 ஆக உயர்ந்தாலோ 90.7% இலிருந்து 95.4% ஆக மட்டுமே கூடுகிறது. பயிற்சியின் தொடக்கத்தில் முன்னேற்றம் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் இருப்பது நடைமுறைக்கு நெருக்கமானது.

சேதப் பகடை

1974 ஆம் ஆண்டு விதிகளில் எல்லா ஆயுதங்களும் பொதுவாக ஆறு முகப் பகடை அளவிலேயே சேதம் விளைவித்தன. 1975 இல் வந்த கிரேஹாக் என்ற துணைநூல் ஆயுதத்திற்கு ஏற்பப் பகடையை மாற்றியது. 4 உயிர்ப்புள்ளிகள் உள்ள ஒருவரை ஒரே அடியில் வீழ்த்தும் வாய்ப்பு, ஆறு முகப் பகடையில் 50% ஆகும். கத்திக்குரிய நான்கு முகப் பகடையில் இது 25% ஆகவும், வாளுக்குரிய எட்டு முகப் பகடையில் 62.5% ஆகவும் உள்ளது.

ஆயினும் 50 உயிர்ப்புள்ளிகள் பெற்ற வீரனை வீழ்த்த, கூடுதல் மதிப்பு ஏதுமில்லாத அதே வாளுக்குக் குறைந்தது ஏழு அடிகள் தேவை. இது இயல்புக்கு மாறானது என்ற விமர்சனம் உண்டு. உயிர்ப்புள்ளி என்பது உடற்காயத்தை மட்டுமன்றித் திறமை, நற்பேறு ஆகியவற்றையும் குறிக்கும் என 1979 இல் கைகாக்ஸ் விளக்கமளித்தார்.

திறந்த முனைப் பகடை

சில விளையாட்டுகளில் உயர்ந்த எண் விழுந்தால் மீண்டும் உருட்டிக் கூட்டலாம். ரோல்மாஸ்டரில் நூறு அளவிலான வீச்சில் 96 அல்லது அதற்கு மேல் விழும்போதும், 2003 இல் வெளியான சாவேஜ் வேர்ல்ட்ஸில் பகடையின் மிகப்பெரிய எண் விழும்போதும் இவ்விதி செயற்படுகிறது. இவ்வாறு உருட்டப்படும் ஆறு முகப் பகடையின் சராசரி 3.5 இலிருந்து 4.2 ஆக மட்டுமே உயர்கிறது. ஆனால் விளைவுக்கு மேல் எல்லை இல்லாது போவதால், எளிய எதிரியின் ஒரு வீச்சும் வலிய வீரனைக் கொல்லக்கூடும்.

ஆட்டக்காரருக்கான இடர்

அரிய வீச்சு ஒன்று மரணத்தை விளைவிக்கும் என விதி அமைந்தால், அதன் சுமை எதிரிகளைவிட ஆட்டக்காரரின் கதைமாந்தர் மீதே அதிகம் விழுகிறது. எதிரி பெரும்பாலும் ஒரு சண்டையில் தோன்றி மறைகிறான். கதைமாந்தரோ ஆட்டம் நீளும் காலம் முழுவதும் தாக்குதல்களைச் சந்திக்கிறார். 20 முகப் பகடையில் 20 விழுந்தால் மரணம் என்ற விதியில், 100 தாக்குதல்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 99.4% ஆகும். மூன்று பகடைகளில் 18 விழுந்தால் மரணம் என்ற விதியில் இது ஏறத்தாழ 37% மட்டுமே.

எனவே பகடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வீச்சின் நிகழ்தகவை மட்டுமன்றி, அவ்வீச்சு எத்தனை முறை நிகழும் என்பதையும் கணக்கிட வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

நிகழ்தகவு
பகடை
ஒழுங்குப் பன்முகத் திண்மம்