ஜீன்ஸ் ஏன் சாயம் விடுது, டி-ஷர்ட் ஏன் விடல?

இன்னைக்கு எபிசோட் ஒரு வாஷிங் மெஷின்ல ஆரம்பிக்குது.

காலேஜ் முடிச்சு சென்னைக்கு வந்த புதுசு. முதல் சம்பளத்துல ஒரு அடர்நீல ஜீன்ஸ் வாங்கினேன். அதே வாரம் திருப்பூர்லேர்ந்து சித்தி ஒரு மெரூன் டி-ஷர்ட்டும் மூணு வெள்ளை டி-ஷர்ட்டும் கொடுத்து அனுப்பியிருந்தாங்க. பேச்சுலர் ரூம்ல துணி துவைக்கிற முறை உங்களுக்கே தெரியும். எல்லாத்தையும் மொத்தமா உள்ள தள்ளி, சுடுதண்ணி மோட் வச்சு, பிரியாணி சாப்பிடப் போயிட்டேன். வந்து பார்த்தா மூணு வெள்ளையும் வெளிர்நீலம்.

ஆனா என்னைக் குழப்பினது அது இல்ல. மெரூன் டி-ஷர்ட் ஒரு சொட்டு சாயம்கூட விடல. ரெண்டுமே காட்டன், ரெண்டுமே அடர்நிறம், ஒரே தண்ணி, ஒரே சோப்பு. ஒண்ணு மட்டும் ஏன் இப்படி?

சித்திக்கு போன் போட்டேன். அவங்க பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்ல இருந்தவங்க. திருப்பூர்ல டி-ஷர்ட், டிராக் பேன்ட், குழந்தை உடுப்பு எதுவா இருந்தாலும் பேரு பனியன்தான். "ஏங் கண்ணு, ஜீன்ஸையும் பனியனையும் ஒண்ணாவா போட்டே? ரெண்டும் ஒரே சாயம் இல்லியே"ன்னாங்க. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத் தேடப் போனவன்தான், வங்காளம், சான் பிரான்சிஸ்கோ, கடைசியில எங்க தாத்தா ஊர்க் கிணறு வரைக்கும் போயிட்டேன்.

நீலம் உள்ள போகல

முதல்ல ஜீன்ஸ். அதோட நீலம் இண்டிகோ. நம்ம ஊர்ல அவுரின்னு சொல்ற செடியிலேர்ந்து எடுத்தது. இண்டிகோவுக்கு ஒரு வினோத குணம் உண்டு: அது தண்ணியில கரையாது. கரையாத ஒண்ணை எப்படி நூல்ல ஏத்துறது? சாயத் தொட்டியில வேதியியல் முறையில அதைக் கரையிற வடிவத்துக்கு மாத்துவாங்க. அப்போ அது மஞ்சள்-பச்சையா இருக்கும். நூலை முக்கி வெளிய எடுத்ததும் காத்து பட்டு, கண் முன்னாடியே நீலமா மாறும். திரும்ப முக்குவாங்க, திரும்ப காத்து. இப்படிப் பல முறை. அடுக்கடுக்கா நீலம் ஏறும், ஆனா நூலோட மையம் வரைக்கும் போகாது. ஒரு ஜீன்ஸ் நூலை வெட்டிப் பார்த்தா வெளிய நீல வளையம், நடுவுல வெள்ளை.

இண்டிகோ பருத்தியோட வேதியியல் பிணைப்பு எதுவும் போட்டுக்கிறதில்ல. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு. உரசினா உதிரும். டெனிம்ல பாவு நூல் மட்டும்தான் நீலம், ஊடை நூல் வெள்ளை. உங்க ஜீன்ஸோட உள்பக்கம் வெளிறி இருக்கிறது அதனாலதான். முட்டியிலயும் பாக்கெட்லயும் வெளுக்குறது துணியோட குறை இல்ல, சாயமே அப்படித்தான்.

ரிவெட்டும் நீலமும்

ஜீன்ஸோட கதையை எல்லாரும் ரிவெட்லேர்ந்து சொல்வாங்க. அமெரிக்காவுல நெவாடா மாநிலம், ரீனோங்கிற ஊர்ல ஜேக்கப் டேவிஸ்னு ஒரு டெய்லர். கூலி வேலை பார்க்கிறவங்களோட பேன்ட் பாக்கெட் அடிக்கடி கிழியுதுன்னு, பாக்கெட் மூலையில செம்பு ரிவெட் அடிச்சுக் கொடுத்தார். நல்லா ஓடுச்சு. பேடன்ட் வாங்கக் கையில காசு இல்ல. தனக்குத் துணி சப்ளை பண்ற சான் பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கு எழுதினார். 1873 மே 20 அன்னைக்கு ரெண்டு பேர் தரப்புக்கும் சேர்த்து பேடன்ட் கிடைச்சது. வேலைக்காரங்க உடுப்பு கிழியக் கூடாது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்போட மொத்த நோக்கம்.

ஆனா ரிவெட்டுக்குப் பின்னாடி நீலம் இருக்கு. 1873ல உலகத்துல இருந்த இண்டிகோ மொத்தமும் செடியிலேர்ந்து வந்ததுதான். அதுல பெரும்பங்கு இந்தியாவுலேர்ந்து, முக்கியமா வங்காளத்துலேர்ந்தும் பீகார்லேர்ந்தும் போச்சு. வங்காளத்துல தோட்டத் துரைமார் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்பாங்க. வாங்கினவன் நெல் போட வேண்டிய நிலத்துல அவுரி போடணும். விலை அவங்க சொன்னதுதான். கடன் அடையவே அடையாது, அப்பன் கடன் மகன் தலையில. 1859ல நதியா பகுதி விவசாயிகள் "இனி அவுரி விதைக்க மாட்டோம்"னு மறுத்தாங்க. நீலப் புரட்சின்னு வரலாற்றுல படிக்கிறோமே, அதுதான். 1860ல அரசு விசாரணைக் கமிஷன் போட்டுது. அதே வருஷம் தீனபந்து மித்ராவோட நீல் தர்பண்ங்கிற நாடகம் வெளிவந்தது. பீகார்ல இந்தக் கொடுமை இன்னும் அரை நூற்றாண்டு நீடிச்சது. சம்பாரண்ல 20 பங்கு நிலத்துல 3 பங்கு கட்டாயம் அவுரிக்கு. 1917ல காந்தி அங்க போனது இதுக்காகத்தான்.

அதுக்குள்ள ஜெர்மனியில ஆய்வுக்கூடம் ஜெயிச்சிருந்தது. அடால்ஃப் ஃபான் பேயர் இண்டிகோவைச் செயற்கையாத் தயாரிக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். 1897ல பிஏஎஸ்எஃப் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இன்னைக்கு நம்ம ஜீன்ஸ்ல இருக்கிறது கிட்டத்தட்ட எல்லாமே அந்தச் செயற்கை இண்டிகோதான். மூலக்கூறு அதேதான், ஒட்டாத குணமும் அதேதான்.

கடல் தண்ணியை விட உப்பு

இப்போ மெரூன் டி-ஷர்ட்.

அதுல இருக்கிறது ரியாக்டிவ் சாயம். 1956ல இங்கிலாந்தோட ஐசிஐ கம்பெனி முதல்முறையா விற்பனைக்குக் கொண்டு வந்த வகை. இது பருத்தியோட நேரடியா வேதியியல் பிணைப்பு போட்டுக்கும். நூலோட ஒரு பகுதியாவே ஆயிடும். அதனாலதான் என் மெரூன் அசையல.

ஒரு சிக்கல் இருக்கு. தண்ணிக்குள்ள பருத்தியும் இந்தச் சாயமும் ரெண்டுமே எதிர்மின் தன்மையோட இருக்கும், ஒண்ணை ஒண்ணு தள்ளும். சாயத்தைத் துணி பக்கம் தள்ளுறதுக்கு உப்பு போடணும். அடர்நிறம்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராமுக்கு மேல, சில சமயம் 80, 100 கிராம். கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். இந்த எண்ணைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். நாம போடுற அடர்நிற டி-ஷர்ட் பலதும் கடலை விட உப்பான தண்ணியில குளிச்சு வந்தது. அந்த உப்பு துணியில தங்காது. மொத்தமும் கழிவுத் தண்ணியோட வெளிய வரணும்.

எங்க வரும்? திருப்பூர்னா, நொய்யல்ல.

திருப்பூர்ல பின்னல் மெஷின் ஓட ஆரம்பிச்சது 1920கள்ல. முதல்ல உள்ளாடை, வெள்ளை பனியன். வெள்ளைக்குச் சாயம் வேண்டாம். 1970களோட கடைசியில ஏற்றுமதி சூடு பிடிச்சது. ஐரோப்பாக்காரங்க கேட்டது கலர் டி-ஷர்ட். சாயப்பட்டறைகள் நூத்துக்கணக்குல பெருகிச்சு. வெள்ளியங்கிரி மலையில பிறந்து காவிரியில சேர்ற நொய்யல், நடுவுல சாயக்கால்வாய் ஆச்சு. கீழ ஒரத்துப்பாளையத்துல 1992ல ஒரு அணை கட்டினாங்க, பாசனத்துக்காக. அதுல தேங்கினது பாசனத் தண்ணி இல்ல, சாயக்கழிவு. திறந்துவிட்டா பயிர் கருகும், தேக்கி வச்சா சுத்துப்பட்டுக் கிணறு கெடும். அந்த அணை வேண்டாம்னு விவசாயிகளே சொல்ற நிலைமை.

எங்க தாத்தா ஊர் நொய்யலுக்குக் கீழ்ப்பக்கம். நான் சின்னப் பையனா இருந்தப்பவே கிணத்துத் தண்ணி உப்பு. அதுல சோறு வடிச்சா மஞ்சளா வரும். தென்னைக்கு விட்டா காய் சுருங்கும். தாத்தா நாலு ஏக்கர்ல கடைசி வரைக்கும் நட்டு வச்சது வேலி முள்ளுதான்.

2011 ஜனவரி கடைசியில, நதிப் பாசன விவசாயிகள் நடத்தின வழக்குல, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. எழுநூறுக்கும் மேல பட்டறைகள். பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகல. தாத்தா பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிச்சார். அதே திண்ணையில சித்தி உட்கார்ந்திருந்தாங்க. சாயம் ஓடலைன்னா கட்டிங் இல்ல, கட்டிங் இல்லைன்னா தையல் இல்ல, செக்கிங் இல்ல. அவங்களுக்கு ஓவர்டைம் நின்னு, அப்புறம் வாரத்துல மூணு நாள்தான் வேலை. என் ஸ்கூல் ஃபீஸ்ல பாதி அந்தச் சம்பளத்துலதான் கட்டினது. ரெண்டு பேருமே அன்னைக்கு ஒண்ணும் பேசிக்கல.

அதுக்கப்புறம் பட்டறைகள் திரும்பத் திறந்தது ஒரு நிபந்தனையோட: ஒரு சொட்டு கழிவும் வெளிய போகக் கூடாது. தண்ணியைச் சவ்வு வழியா வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையும் தண்ணியையும் பிரிச்சுத் திரும்பப் பயன்படுத்தணும். இதுக்கு நிறைய மின்சாரம் வேணும், நிறைய செலவு ஆகும். உங்க டி-ஷர்ட்டோட நிறத்துக்கு நியாயமான விலைன்னு ஒண்ணு இருந்தா, அதுல இதுவும் சேரணும்.

கடையில நிக்கும்போது

சரி, இதை வச்சு நான் என்ன பண்றேன்? துணி வாங்காம இருக்க முடியாது. கம்மியா வாங்கி, ரொம்ப நாள் வச்சுக்கலாம். அதுக்குச் சித்தி சொல்லிக் கொடுத்த செக்கிங் இது.

டி-ஷர்ட்டை மடிச்சு மேஜையில போடுங்க. பக்கவாட்டுத் தையல் நேரா கீழ வருதா, முன்பக்கம் திரும்புதா? புதுசுலயே திரும்பினா, துவைச்ச பிறகு இன்னும் முறுக்கும். நூலோட முறுக்கு அடங்கலைன்னு அர்த்தம். அப்புறம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஜிஎஸ்எம்னு ஒரு எண் இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. 180 பக்கம் இருந்தா தினசரிக்கு நல்லது. கோம்ப்டு காட்டன்னு இருந்தா குட்டை நாரையெல்லாம் சீவி எடுத்திருப்பாங்க, சீக்கிரம் மணி மணியாத் திரளாது. கழுத்து ரிப்பை இழுத்து விடுங்க, உடனே திரும்பணும்.

கடைசியா கைக்குட்டை டெஸ்ட். வெள்ளைக் கைக்குட்டையோட ஓரத்தை லேசா நனைச்சு, துணியோட உள்பக்கம் பத்து தடவை தேயுங்க. டி-ஷர்ட் கலர் விட்டா, பட்டறையில ஒட்டாத சாயத்தைச் சரியா அலசலைன்னு அர்த்தம். ஜீன்ஸ் கொஞ்சம் விடும். அது இயல்பு, பயப்படாதீங்க.

ஜீன்ஸ்ல நான் பார்க்கிறது எடை. 12லேர்ந்து 14 அவுன்ஸ் இருந்தா ரொம்ப உழைக்கும். எலாஸ்டேன் 2 சதவீதத்துக்கு மேல வேண்டாம், அதுதான் முதல்ல சாகும். முன்கூட்டியே வெளுத்த ஜீன்ஸை வாங்குறதில்ல. அந்த வெளுப்பை மணல் பீய்ச்சி வரவழைச்ச தொழிலாளிகளுக்குத் துருக்கியில நுரையீரல் போச்சு. 2009ல அங்க அந்த முறையைத் தடை பண்ணாங்க. வெளுக்கிற வேலையை என் முட்டியே பார்த்துக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஜீன்ஸை உப்புத் தண்ணியில ஊற வச்சா சாயம் நிக்கும்னு சொல்வாங்க. நிக்காது. இண்டிகோ ஏற்கனவே கரையாத பொருள், அதைப் பிடிச்சு வைக்க உப்பால முடியாது. செய்ய வேண்டியது ஒண்ணுதான்: உரசலைக் குறைக்கிறது. உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சைத் தண்ணியில, தனியா, கொஞ்ச நேரம். 2014ல லீவைஸ் கம்பெனியோட தலைவர் தன் ஜீன்ஸை ஒரு வருஷமாத் துவைக்கலைன்னு மேடையில சொன்னார். அவர் மே மாசத்துல தாம்பரம் லோக்கல்ல போனதில்ல. நமக்கு அஞ்சாறு தடவை போட்டு ஒரு தடவை துவைச்சா போதும். நடுவுல வேர்வை காய நிழல்ல தொங்க விடுங்க.

பனியன் துணி நெசவு இல்ல, பின்னல். ஒரே நூல் வளையம் வளையமாக் கோத்து வருது. அதனாலதான் இழுபடுது, அதே காரணத்துல ஈரத்தோட ஹேங்கர்ல தொங்க விட்டா தோள்பட்டை கூம்பும். கொடியில பாதியா மடிச்சுப் போடுங்க, நிழல்ல. சுடுதண்ணியும் ட்ரையரும் சுருக்கும். ஸ்வெட்டர்னா தொங்கவே விடாதீங்க, துண்டுல சுருட்டிப் பிழிஞ்சு தட்டையாப் பரப்பிக் காய வைங்க. பீரோலயும் மடிச்சே வைங்க.

அந்த மெரூன் டி-ஷர்ட் இன்னும் என்கிட்ட இருக்கு. ஆறாவது வருஷம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போட்டுட்டுப் போனேன். சித்தி வாசல்லயே நிறுத்தி, கழுத்து ரிப்பை இழுத்து விட்டுப் பார்த்தாங்க, பழைய செக்கிங் பழக்கம். "இன்னும் ரெண்டு வருஷம் வரும்"னாங்க. உள்ள போய்க் கை கழுவினேன். கிணத்துத் தண்ணி இன்னும் உப்புதான். ஆனா தாத்தா நிலத்துல ஓரமா ரெண்டு வரிசை தென்னை புதுசா வச்சிருந்தாங்க.

உங்க பீரோல இருக்கிறதுலயே பழைய டி-ஷர்ட் எது, எத்தனை வருஷம் ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல கேட்கலாம்.