கரும்பலகை முதல் கணினி வரை

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மாலை வகுப்புகளுக்குக் கணினியும் ஒளித்திரையும் வேண்டுமென்று இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்பது முறையே. ஆயினும், கருவியை வாங்குமுன் அதன் முன்னோரின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

எழுத்தறிவித்த கருவிகளுள் மிக எளியது மணல். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்தை 1789 முதல் நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்து, 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 'சென்னை முறை' என்னும் பெயருடன் அது கடல் கடந்து பரவிற்று. மணலுக்கு விலையில்லை, எவரும் அள்ளலாம். எனினும், அந்நாளைய திண்ணைப் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் நம் முன்னோரின் பிள்ளைகள் படியேற இயலவில்லை. கருவி எளிதாக இருந்தது, கதவுதான் அடைத்திருந்தது.

கதவு திறந்த பின்னரும் துயர் தீர்ந்ததா? அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கரும்பலகையில் கணக்கொன்றைப் போடுமாறு ஆசிரியர் அவரை அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகையின் பின்னே உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், அவை தீட்டுப்படும் என்று அஞ்சி, ஓடிச்சென்று அப்புறப்படுத்தினர். அண்ணலின் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் இதனைப் பதிவு செய்துள்ளார். சுண்ணக்கட்டி சாதி பார்க்கவில்லை. சூழ இருந்தோர் பார்த்தனர். அன்று அச்சிறுவனைப் பெயர் சொல்லிப் பலகைக்கு அழைத்தவர் ஓர் ஆசிரியர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக் கோளின் துணையுடன், ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. காலையில் பள்ளிச் சிறுவர்க்கும், மாலையில் ஊரார்க்கும் அவை அமைந்தன. பெட்டி எவர் வீட்டிலும் வைக்கப்படவில்லை. பொது இடத்திலேயே வைக்கப்பட்டது. நன்று. ஆனால், ஊர்ப் பொது என்பது சேரிக்கும் பொதுவாக இருந்தாலன்றோ அதன் பயன் முழுமையாகும்?

அம்முயற்சியின் சிறந்த பகுதி ஒன்றுண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 50,000 பேர் அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றனர். திரையை மட்டும் நம்பாமல், வானொலியும் அச்சிட்ட ஏடுகளும் செய்முறையும் நேர்முகக் கலந்துரையாடலும் சேர்த்தே அப்பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக் கோள் அகன்றது. பயின்ற ஆசிரியர்களோ நம் நாட்டிலேயே இருந்தனர்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இப்பாடம் மீண்டும் உறுதியாயிற்று. வகுப்பு கைப்பேசிக்குள் சென்றது. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது தந்தையுடன் வேலைக்குப் போயிற்று. அதுவும் இல்லாத வீட்டில் பாடமே இல்லை. 2021 அக்டோபரில் தமிழகத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் இருப்பிடத்துக்கு அருகிலேயே மாலை வகுப்பு நடத்தினர். திரை எட்டாத இடத்தை மனிதர் எட்டினர்.

இளைஞர்களே! கணினி வேண்டா என்று நான் கூறவில்லை. இருநூறு ஆண்டுகளாகக் கருவிகள் நம்மிடம் கடைசியாகவே வந்தன. இனியும் காத்திருத்தல் தகாது. ஆனால், வாங்கும் கணினியைப் பூட்டிய அறையில் காட்சிப்பொருளாக வைக்காதீர்! அதனைக் கையாள ஆசிரியரை முதலில் பயிற்றுங்கள். பின்வரிசையில் கூசி நிற்கும் சிறுமியைப் பெயர் சொல்லி முன்னே அழையுங்கள். அவள் விரல் அதன்மீது படும் நாளே அக்கருவி நம்முடையதாகும்.