மலையகத்தார் பற்கள் கூறிய வரலாறு

பல் போனால் சொல் போச்சு என்பது மூதாதையர் வாக்கு. அப்பல் ஏன் போகின்றது என்னும் வினாவுக்கு உலகம் விடை கண்டதில், இலங்கை மலையகத் தேயிலைத் தொழிலாளருக்கும் பங்குண்டு.

1965ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்க அறிஞர்கள், கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டனர், அது அழியவில்லை. சாதாரண எலிகளிலோ பற்கூழ் மடிந்து, வேர்நுனியிற் சீழ் கட்டியது. வேர்க்குழாயைக் கிருமிநாசினியாற் கழுவி அடைக்கும் சிகிச்சைக்கு இஃது உறுதியான ஆதாரமாயிற்று. டென்மார்க்கில் ஹரல்ட் லோ என்பார் பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் அனைவர் முரசும் அழன்றது. மீண்டும் துலக்கியதும் ஆறியது.

அவ்வழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் விளைவு யாது? இதனை அறிய லோ குழுவினர் 1970இல் நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தனர். டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைச் சோதித்தனர். அவர்கள் பல் வைத்தியத்தையோ, பற்தூரிகையையோ அறியாதவர்கள். பல்வைத்திய வசதிகள் மிக்க ஒஸ்லோ நகரத்தார் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

1986இல் முடிவு வெளியாயிற்று. தொழிலாளரிடம் சொத்தைப்பல் அரிதாகவே இருந்தது. முரசழற்சியோ ஏறத்தாழ எல்லோரிடமும் இருந்தது. ஆயினும் நூற்றுக்கு 8 பேரிடம் நோய் விரைந்து பரவி, நாற்பத்தைந்து வயதளவிற் பற்கள் அனைத்தையுமே பெரும்பாலும் வீழ்த்தியது. 81 பேரிடம் அது மெல்ல நகர்ந்தது. 11 பேரிடம் முரசழற்சிக்கு அப்பாற் செல்லவேயில்லை. கிருமி இன்றி நோயில்லை. ஆனால் கிருமி மட்டுமே நோயின் வேகத்தை முடிவு செய்வதுமில்லை என்ற உண்மை இதனாற் புலனாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் அது. 1985இல் முதற் சோதனைக்கு வந்தோருள் 161 பேரே எஞ்சினர். 2010இல் மீண்டும் சோதிக்கப்பட்டவர் 75 பேர். முப்பது வயதில் முரசின் பிடிப்பு பெரிதும் குன்றாதிருந்தவர்களே அறுபதிலும் இருபது பற்களையேனும் தக்கவைத்தனர் எனத் தெரியவந்தது.

பல்வைத்திய நூல்கள் இன்றும் இவ்வாய்வை எடுத்தாளுகின்றன. வைத்தியம் எட்டாத வாழ்வே அவ்வறிவின் விலையாயிற்று. நாள்தோறும் பல் துலக்குதல், காரையை அகற்றுதல், இளமையிலேயே சோதித்தல் என்னும் அதன் பயன், அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு லயங்கள்தோறும் சென்று சேர்வதே அவ்விலைக்கு ஈடாகும்.