கணினியில் உயர்தர இசை திக்குகிறதா? காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மாதக் கட்டணம் கட்டி, ‘ஹைரெஸ்’ எனப்படும் உயர்தர இசையைக் கணினியில் கேட்போர் இன்று நகரத்திலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோரின் மடிக்கணினியில் சேவையைப் பொருத்தி, ஒலிபெருக்கியை இணைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். இரண்டு நாள்களில் அம்மாவிடமிருந்து அழைப்பு வருகிறது: “பாட்டு நின்னு நின்னு வருதுப்பா.”

உடனே புதிய ஒலிபெருக்கி அல்லது கூடுதல் வேக இணையத் திட்டம் வாங்கத் தோன்றும். ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் வாங்கினால் காசுதான் வீண். பாடல் சேவையிலிருந்து இணையம், கணினி, பிளேயர் மென்பொருள், ஒலிபெருக்கி என வரிசையாக வந்து சேர்கிறது. ஒவ்வோர் இடமாகச் சோதித்தால் கோளாறு பிடிபடும். பல வேளைகளில் ஓர் அமைப்பை மாற்றினாலே போதும்.

எவ்வளவு தரவு தேவை?

சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலி ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பாடலுக்கு 4,608 கிலோபிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாடலுக்கு 9,216 கிலோபிட் வேண்டும்.

2001-இல் வெளிவந்த ஃபிளாக் போன்ற இழப்பற்ற சுருக்க முறைகள், தரத்தைக் கெடுக்காமல் இந்த அளவைக் கணிசமாகக் குறைக்கின்றன. அப்படியிருந்தும் 96 கிலோஹெர்ட்ஸ் பாடல்களை ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் செலவாகலாம். 320 கிலோபிட் சாதாரண இசைக்கு அதே நேரத்தில் 144 மெகாபைட் போதும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பும் வீடுகளுக்கு இது பெரிய வேறுபாடு.

முதல் சோதனை

திக்கும் பாடலைச் சேவையின் செயலியிலேயே பதிவிறக்க முடிந்தால் பதிவிறக்கவும். அந்த வசதி இல்லையென்றால், அதே தரத்திலான ஃபிளாக் கோப்பு ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையத்தை அணைத்துவிட்டு அதை ஒலிக்க விடவும்.

தடையின்றி ஓடினால் கோளாறு இணையத்தில். அப்போதும் திக்கினால் கோளாறு கணினியில் அல்லது அதனுடன் இணைத்த கருவியில்.

இணையத்தில் என்றால்

192 கிலோஹெர்ட்ஸ் பாடலுக்குக்கூட 10 மெகாபிட் வேகம் போதுமானது. ஆனால் அந்த வேகம் இறங்காமல் நிற்க வேண்டும். மோடம் முன் அறையில், கணினி பின் அறையில் என்றால் சுவர்களே வைஃபையைத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் பலமிழக்கும். முடிந்தால் லேன் கேபிள் வழியாக மோடத்துடன் நேரடியாக இணைப்பதே சிறந்தது.

வீட்டில் வேறொரு கணினியிலோ சேமிப்புக் கருவியிலோ உள்ள பாடல்களை விஎல்சி பிளேயரில் கேட்போர், பாடலை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நேரத்தை நீட்டலாம். டூல்ஸ், பிரிஃபரன்சஸ் சென்று, எல்லா அமைப்புகளையும் காட்டும்படி ‘ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், ‘இன்புட் கோடெக்ஸ்’ பகுதியில் ‘நெட்வொர்க் கேச்சிங்’ இருக்கும். வழக்கமாக அது 1,000 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடி. அதை 3,000 அல்லது 5,000 ஆக்கினால் இணையம் சற்றுத் தடுமாறினாலும் பாட்டு நிற்காது. பாடல் தொடங்கச் சில விநாடி தாமதமாகும், அவ்வளவே.

கணினியில் என்றால்

பாட்டுக்கு நடுவே ‘கரகர’, ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் கணினி வேலைப்பளுவில் திணறுகிறது எனலாம். திறந்து கிடக்கும் உலாவிப் பக்கங்களை மூடவும். பின்னணியில் விண்டோஸ் புதுப்பிப்போ வைரஸ் சோதனையோ ஓடினால், முடியும் வரை காத்திருக்கவும். மின்சாரச் சிக்கன முறையை நிறுத்தவும்.

டேக் எனப்படும் ஒலிக்கருவியை யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால், அதை எடுத்துக் கணினியிலேயே நேரடியாகச் செருகிப் பார்க்கவும். கேபிளை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. ஃபூபார்2000 பயன்படுத்துவோர், பிளேபேக் பகுதியின் அவுட்புட் அமைப்பில் ‘பஃபர்’ நீளத்தைக் கூட்டலாம்.

பாட்டு ஓடுகிறது, தரம் வரவில்லை

இந்தக் கோளாறு சத்தம் போடாது. அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை. விண்டோஸ், எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, ஒரே அளவுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். அந்த அளவு 48 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தால், 192 கிலோஹெர்ட்ஸ் பாடலும் 48 ஆகத்தான் வெளிவரும்.

விண்டோஸ் 11-இல் சவுண்ட் அமைப்புக்குள் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, ஒலிக்கருவியின் பிராபர்டீசில் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் இந்த அளவை மாற்றலாம். மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற கருவியில் பார்க்கலாம்.

இன்னொரு வழி ‘எக்ஸ்குளூசிவ் மோட்’. டைடலின் கணினிச் செயலியிலும் ஃபூபார்2000-இலும் இது உண்டு. இதை இயக்கினால் பிளேயர் ஒலிக்கருவியைத் தனக்கே எடுத்துக்கொண்டு, பாடலை மாற்றாமல் அனுப்பும். அந்த நேரத்தில் அதே கருவியில் வாட்ஸ்அப் அழைப்பின் ஒலியோ மற்றச் செயலிகளின் ஒலியோ கேட்காது. “திடீரென்று எதிலும் சத்தமே இல்லை” என்ற புகாருக்கு இது காரணமாக இருக்கலாம்.

புளூடூத் ஒலிபெருக்கியிலும் ஹைரெஸ் முழுமையாக வராது. வழக்கமான எஸ்பிசி முறை விநாடிக்கு ஏறக்குறைய 328 கிலோபிட், எல்டிஏசி முறை அதிகபட்சம் 990 கிலோபிட் மட்டுமே கடத்தும். சிடி தரத்தின் 1,411 கிலோபிட்டைக்கூட இவை எட்டவில்லை. எனவே கேபிள் போட்டுக் கேட்கவும்.

பாடலே அவ்வளவுதானா?

டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா காலத்துப் பாடல் ஒன்று ‘192 கிலோஹெர்ட்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கலாம். மூல ஒலிநாடாவிலிருந்து புதிதாக எடுத்தது என்றால் மகிழ்ச்சி. சிடியிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய கோப்பு என்றால், தரவு செலவாகுமே தவிர புதிதாக எதுவும் கேட்காது. கையில் உள்ள கோப்பை ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒலியலை படமாகத் தெரியும். 22 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டால், அது சிடி தரத்திலிருந்து பெரிதாக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். சிடி தரம் அந்த எல்லையைத் தாண்டியே பதிவு செய்கிறது. சிடி தரத்திற்கும் ஹைரெசுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குக் காதில் தெரிவதில்லை.

எனவே இணையம் மெதுவாக உள்ள வீட்டில், சேவையின் அமைப்பில் தரத்தை ஒரு படி இறக்கி வைப்பதில் நட்டம் இல்லை. திக்கித் திக்கி வரும் 192-ஐவிட, தடையில்லாமல் ஓடும் சிடி தரமே காதுக்கு இனிமை. அடுத்த முறை வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இணையத்தை அணைத்த பிறகும் பாட்டு திக்குகிறதா?