கண்ணாடிக்குள் ஒரு குளம்



ஐந்து அல்லது பத்து லிட்டர் தண்ணீர் கொள்ளும் சிறு கண்ணாடித் தொட்டியில் மண் பரப்பி, செடி நட்டு, விரல் நகத்தளவுள்ள சிவப்பு இறால்களை வளர்க்கும் ஆசை நம் பிள்ளைகள் சிலருக்கு உண்டு. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் தொட்டியைக் காலையில் நிரப்பி மாலையில் இறாலை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளில் அவை செத்துக் கிடப்பதைக் கண்டு அழும் பிள்ளைகளும் உண்டு. அவை ஏன் சாகின்றன? இந்தக் கேள்விக்கு முழு விடை காண அறிஞர்களுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதில் நம் பால்மரமும் வருகிறது.

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். செடிகள் மீது அவருக்கு அளவற்ற பற்று. ஆனால் ஊரெங்கும் நிலக்கரிப் புகை. அவருடைய தோட்டத்தில் வைத்த பெரணிச் செடிகள் எல்லாம் கருகிப் போயின. 1829இல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். சில நாட்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. பின்னர் துளித்துளியாய் மண்ணுக்கே திரும்பியது. தண்ணீரே ஊற்றாமல் அந்தச் செடிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. பிறகு புட்டியின் மூடி துருப்பிடித்து, மழை நீர் உள்ளே இறங்கியதால் அழுகின. துருவுக்கு ஆராய்ச்சி என்ன, அடுப்படி என்ன!

இதைப் பெரிதாக்கி, மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டிகளை வார்ட் செய்வித்தார். 1833இல் அத்தகைய இரு பெட்டிகள் செடிகளோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போயின. செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்னர், சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைத்தது என்று 1819இல் ஒருவர் கணக்கிட்டிருந்தார். உப்புக் காற்றும், நன்னீர்ப் பஞ்சமும் மற்றவற்றைக் கொன்றன. கண்ணாடிப் பெட்டி இந்த நிலையை அடியோடு மாற்றியது.

இந்த இடத்தில் கதையில் சற்று முன்னே சென்று வருவோம். ஏனெனில் இந்தப் பெட்டிதான் நம் குடும்பங்களின் வரலாற்றையும் தொட்டது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மிகச் சிலவே. அந்த நாற்றுகள் வார்டின் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877இல், 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் மலாயாவில் காடு அழித்துத் தோட்டங்கள் எழுந்தன. பால் வெட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் பாட்டன்மார் கப்பலேறினர். நாற்றுக்குக் கண்ணாடிக் கூரை இருந்தது. நம்மவர்களுக்குத் திறந்த கப்பல் தளம். அன்று எது விலை உயர்ந்த சரக்காகக் கருதப்பட்டது என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.

இனித் தண்ணீருக்குத் திரும்புவோம். மூடிய கண்ணாடிக்குள் செடி வாழும், சரி. உயிர்ப் பிராணி வாழுமா? 1849இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் இதைச் சோதித்தார். ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் இட்டு, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். மீன் விடும் மூச்சுக்காற்றைச் செடி ஏற்கும், செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் ஏற்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் பழைய இலைகள் அழுகித் தண்ணீரைக் கலக்கின. கண்ணாடியில் பாசி படர்ந்தது. குளத்தில் இதை யார் துப்புரவு செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த வாரிங்டன், ஐந்தாறு நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. 1850இல் அவர் இதை வேதியியல் சங்கத்தில் அறிவித்தார். மீன், செடி, நத்தை ஆகிய மூன்றில், நாம் அருவருத்து ஒதுக்கும் நத்தையே சோதனையைக் காப்பாற்றியது.

அப்படியும் கணக்கு முழுமை பெறவில்லை. பிராணிகளின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு தண்ணீரில் சேர்கிறது. அது எங்கே போகிறது? இதற்கு விடை தேடியவர்களுள் வாரிங்டனின் மகனும் ஒருவர். அவர் பெயரும் ராபர்ட்தான். ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்று அவர் காட்டினார். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890இல் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். நைட்ரேட்டைச் செடி உரமாக உறிஞ்சிக்கொள்ளும். தந்தை விட்ட இடத்தை மகன் நிரப்பினார் என்று சொல்வதில் தவறில்லை.

பிள்ளைகளின் இறால் மூன்றாம் நாள் ஏன் செத்தது என்பது இப்போது விளங்கும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு இல்லை. அவை பெருக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை செடிகளோடு தொட்டியைச் சும்மா விட்டு வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

மீன் தொட்டியில் இறாலுக்குப் பெருமை தேடித் தந்தவர் ஜப்பானியரான தகாஷி அமானோ. நத்தை செய்த துப்புரவு வேலையை ஒரு சிறு நன்னீர் இறால் இன்னும் திறமையாகச் செய்வதை 1980களில் அவர் உலகுக்குக் காட்டினார். அந்த இறாலின் குஞ்சுகள் வளர உப்பு கலந்த நீர் வேண்டும்; ஆகவே அது சிறு தொட்டியில் பெருகாது. வீட்டுக்கு ஏற்றது தைவான், சீனப் பகுதிகளைச் சேர்ந்த இனத்திலிருந்து உருவாக்கப்பட்ட செர்ரி இறால். அது நன்னீரிலேயே குஞ்சு பொரிக்கும்.

அடியில் இரண்டு விரற்கடை மண், அதன் மேல் கழுவிய மணல், நிறைய நீர்ச்செடி, சிறிது பாசி, இவை போதும். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் நீங்கும். சிங்கப்பூரைப் போலக் குளோராமின் கலக்கும் ஊர்களில், மீன் கடையில் விற்கும் முறிமருந்து சேர்க்க வேண்டும். தோட்டத்தில் மருந்தடிக்கும் இடத்துக் கால்வாய் நீரையோ செடியையோ எடுக்கவே கூடாது. கொசு மருந்தின் தூவல் பட்டாலும் இறால் சாகும். செம்பு கலந்த மருந்தும் அப்படியே. சிறு தொட்டி விரைவில் சூடாகும் என்பதால் நேர் வெயில் படாத சன்னல் ஓரமே நல்லது. பத்து இறால் போதும். தீனி சிறு துளி. மீந்ததை அன்றே எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் ஒத்துவந்தால், ஒரு நாள் பெண் இறாலின் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள் தெரியும். மூன்று நான்கு வாரங்களில், ஊசிமுனை போன்ற குஞ்சுகள் இலைகளின் மேல் ஊர்வதைப் பிள்ளைகள் காணலாம். தண்ணீர் மாற்றும்போது அவற்றையும் சேர்த்து ஊற்றிவிடாமல், வாளியை ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.