தம்பிமாருக்குத் தலைமை தாங்கியோர்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது பழமொழி. ஆனால், படையிற் சேர்ந்த அண்ணனைப் பின்தொடர்ந்து, தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று தம்பி அடம்பிடித்தால் யாது செய்வது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் சாரணர் இயக்கத்துக்கு முன்னே இவ்வினா உண்மையாகவே எழுந்தது. அதற்கு விடை கண்டவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற தளபதிகள் அல்லர். தங்கள் மாலைப்பொழுதைச் சிறுவர்க்கென ஒதுக்கிய சாதாரண மனிதர்கள். அவருள்ளும் சிறப்பாக இளம் பெண்கள். இன்று குருளைச் சாரணர் என்று வழங்கும் பிரிவின் வரலாறு, அவர்தம் தொண்டின் வரலாறே ஆகும்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துள்ள பிரவுன்சீ என்னும் சிறு தீவில், றொபேர்ட் பேடன் பவல் ஏறக்குறைய இருபது சிறுவரைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். தென்னாபிரிக்காவில் மாபெக்கிங் நகர முற்றுகையைத் தாங்கி நின்று புகழ்பெற்ற படைத்தலைவர் அவர். செல்வர் பயிலும் கல்லூரிகளிலிருந்து வந்த பிள்ளைகளும், தொழிலாளர் இல்லங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் அங்கு ஒன்றாகத் தங்கினர். அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஆயினும் ஒருவன் மட்டும் எந்த அணியிலும் சேராதவனாக இருந்தான். அவன் பேடன் பவலின் தமையனார் மகன், டொனால்ட். வயது ஒன்பது. சிறிய தந்தையாருக்கு ஏவற் பணி செய்வதற்கென அவன் உடன் அழைத்துச் செல்லப்பட்டிருந்தான். சாரணியத்தின் முதற் பாசறையிலேயே, அணிக்குள் அடங்காத தம்பி ஒருவன் இருந்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அடுத்த ஆண்டு, 1908இல், பேடன் பவல் எழுதிய சாரண நூல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அதனை வாசித்த சிறுவர்கள் பெரியோரின் ஏற்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. தெருவுக்குத் தெரு தாமாகவே அணி சேர்ந்தனர். சேர்ந்த பின்னர், தங்களுக்குத் தலைமை தாங்குமாறு ஒரு பெரியவரைத் தேடிச் சென்றனர். தலைவர் சிறுவரைத் தேடுவது உலக வழக்கம். இங்கோ சிறுவர் தலைவரைத் தேடினர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பேரணியில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

இவ்வளர்ச்சியோடு கூடவே தம்பிமாரின் சிக்கலும் வளர்ந்தது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளால் நெடுந்தூரம் நடக்க இயலாது. மழையிலும் குளிரிலும் வெளியே தங்க இயலாது. அவர்களைச் சேர்த்துக்கொண்டாலோ, பதினான்கு வயதுப் பிள்ளைகள், "இது குழந்தைகளின் விளையாட்டு" என்று விலகிச் சென்றனர். சேர்க்காமல் விட்டாலோ, சிறியோர் வாயிலில் நின்று ஏங்கினர். சில ஊர்களிற் சாரணத் தலைவர்கள் இளையோர்க்கெனத் தனிக் குழுக்களைத் தாமாகவே தொடங்கினர். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஓநாய்க் குருளைகள் என்னும் பெயரில் ஒரு திட்டத்தைப் பேடன் பவல் இயக்கத்தின் இதழில் வெளியிட்டார்.

திட்டம் வந்தது, அதனை நடத்தும் மனிதரோ குறைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. சாரணத் தலைவர்களாயிருந்த இளைஞர் பெருந்தொகையாகப் போர்முனைக்குச் சென்றனர், பலர் மீளவில்லை. கிழக்கு இலண்டனின் வறிய பகுதிகளிற் சாரணியத்தைப் பரப்பிய றோலண்ட் பிலிப்ஸ் என்பவர் 1916 யூலையில், சொம் ஆற்றங்கரைப் போரில் உயிர்நீத்தார். ஸ்டெப்னிப் பகுதியில் தமக்கிருந்த வீட்டைச் சாரணர்க்கென விட்டுச் சென்றார். இத்தகையோரின் இடத்தை நிரப்ப எவர் வருவார் என்பதே அன்றைய கேள்வி. பெரிய சாரணர்கள் தம் அணித்தலைவர்களைக் கொண்டே ஒருவாறு இயங்கினர். சிறியோர்க்கு அது இயலுமா?

வந்தவர்கள் பெண்கள். அவர்களுள் முதன்மையாகக் கருதத்தக்கவர் வீரா பார்க்ளே என்பவர். 1893இற் பிறந்த இவர், ஹெர்ட்ஃபோர்ட் மாவட்டத்துக் குருவானவர் ஒருவரின் மகள். தாயார் புகழ்பெற்ற நாவலாசிரியை. போருக்கு முன்னரே தம் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிச் சிறுவர் குழு நடத்திய அனுபவம் இவருக்கு இருந்தது. ஆண்பிள்ளைகளைப் பயிற்றுவது ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. பெண்ணின் கையில் வளரும் பையன் கோழையாகிவிடுவான் என்று அஞ்சியவரும் உண்டு. பார்க்ளே வாதத்தால் மட்டும் விடையிறுக்கவில்லை. குருளைகளைப் பெண்கள் பயிற்றும் முறையைப் பற்றி 1915இல் இயக்கத்தின் இதழில் எழுதினார். எழுதியதைச் செய்தும் காட்டினார். போர்க்கால மருத்துவமனையிற் தாதியாகப் பணியாற்றிய பின், 1916இல் தலைமையகத்திற் குருளைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். குருளைகளுக்கான கைந்நூலை உருவாக்குவதிற் பேடன் பவலுக்குத் துணை நின்றார். அந்நூல் அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்தது. திட்டம் வெளிவந்து ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழிந்தபின், தம்பிமாருக்கு முறையான இடம் கிடைத்தது.

அந்நூலின் உயிர்நாடியாக ஒரு கதை அமைந்தது. மும்பாயிற் பிறந்த றட்யாட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட காட்டுக் கதைகளில், ஓநாய்கள் மௌக்ளி என்னும் மனிதக் குழந்தையை எடுத்து வளர்க்கின்றன. ஆசிரியரின் இசைவோடு பேடன் பவல் அக்கதையைக் குருளைகளுக்கு உரியதாக்கினார். குழுவின் தலைவர், ஓநாய்த் தலைவனாகிய அக்கேலாவின் பெயரைப் பெற்றார்; உதவியாளர் பாலு என்னும் கரடியானார். பிள்ளைகள் அறுவர் அறுவராகப் பிரிந்து, அக்கேலாவைச் சூழ வட்டமாக அமர்ந்தனர். இயன்றதனைத்தையும் முயல்வது என்பது அவர்களின் குறிக்கோளாயிற்று. அக்கேலா என்ற இந்திச் சொல்லுக்குத் தனித்திருப்பவன் என்பது பொருள். ஆயினும் அப்பெயரைத் தாங்கிய தலைவர் மேடைமேல் தனித்து நின்றாரல்லர். வட்டத்தின் நடுவே, எல்லாப் பிள்ளைகளின் முகமும் தெரியும் இடத்தில் நின்றார்.

இங்கேதான் இத்தொண்டின் அருமை விளங்கும். பாடசாலைக்கு இடாப்பு உண்டு. வராத பிள்ளையை வினவ அதிகாரம் உண்டு. படைக்குத் தண்டனை உண்டு. குருளைக் குழுவுக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. மனம் கசந்த பிள்ளை அடுத்த வாரம் வராமலே நின்றுவிடலாம். எனவே அக்கேலாவின் ஆட்சி அன்பினால் மட்டுமே நிலைக்கும். சாரணத் தலைவர் பள்ளியாசிரியராகவும் இருத்தலாகாது, படையதிகாரியாகவும் இருத்தலாகாது, மூத்த சகோதரராக இருத்தல் வேண்டும் என்று பேடன் பவல் வற்புறுத்தியதும் இதனாலேயே. ஊதியம் இல்லை, பதவி உயர்வும் இல்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர், மாலையில் முடிச்சுக் கயிற்றையும் பந்தையும் எடுத்துக்கொண்டு, இருபது பிள்ளைகள் காத்திருக்கும் மண்டபத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு வாரம் அவர் செல்லத் தவறினால், ஏமாறுவது ஒரு நிறுவனம் அன்று, ஒரு குழந்தை.

நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது விரைவில் உணரப்பட்டது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மக்லாரன் என்னும் கொடையாளர் அளித்த பொருளைக் கொண்டு, இலண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் காட்டின் அருகில் கில்வெல் என்னும் நிலம் வாங்கப்பட்டது. 1919 செப்டெம்பரில், பத்தொன்பது தலைவர்கள் அங்கு முதற் பயிற்சி பெற்றனர். பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதனைத்தையும் பெரியோர் தாமே கூடாரமடித்து, சமைத்து, மழையில் நனைந்து கற்றனர். பயிற்சியை நிறைவேற்றியோர் பெற்ற மரமணிகள் பின்னர் உலகெங்கும் சாரணத் தலைவர்களின் அடையாளமாயின.

இலங்கைக்கும் இவ்வியக்கம் காலந்தாழ்த்தாமலே வந்து சேர்ந்தது. 1912இல் மாத்தறைக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில், ஸ்டீவன்ஸ் என்பவர் நாட்டின் முதற் சாரணர் குழுவைத் தொடங்கினார். 1921இலும் 1934இலும் பேடன் பவல் இத்தீவுக்கு வந்து சென்றார். 1953இல் இலங்கைச் சாரணர் சங்கம் உலகச் சாரணர் அமைப்பில் தனி உறுப்புரிமை பெற்றது. மாத்தறையிலும் பிரவுன்சீயிலும் தொடக்கம் ஒன்றே: மனமிசைந்து முன்வந்த ஒருவரும், அவரைச் சூழ நின்ற சில பிள்ளைகளும்.

1941இற் பேடன் பவல் கென்யாவில் மறைந்தார். வீரா பார்க்ளே 1989 வரை வாழ்ந்தார். பிரித்தானியாவில் 1960களின் பிற்பகுதியில் ஓநாய் என்ற அடைமொழி நீங்கிக் குருளைச் சாரணர் என்ற பெயர் நிலைத்தது. பெயர் மாறிற்று, வட்டம் மாறவில்லை. இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றுண்டு. 1914இல் திட்டம் இருந்தது; பிள்ளைகளும் இருந்தனர். குறைந்தவர், "நான் வருகிறேன்" என்று சொல்லும் மனிதரே. அச்சொல்லைச் சொல்லும் ஒருவர் கிடைக்கும்வரை, எந்த ஊரிலும் தம்பிமார் வாயிலிலேயே காத்து நிற்பர்.